ஒற்றை முடிச்சு

அத்தியாயம் 14

போன வாரம் ரபீகாவை மடவளை வீட்டு வாசலில் நிற்க வைத்துவிட்டுக் கதையை நிறுத்திவிட்டேன். அதற்காக என்னை வைத வாசகிகள் அநேகம் என்று அறிகிறேன். வைதது நியாயம்தான். ஆனால் அவளை அங்கே நிறுத்தியது நானில்லை. தபால்காரன் கொண்டுவந்த மண்ணிற உறை.

ரபீகாவின் புருஷன் ஹபீல் சீலைப் பொட்டணி சுமந்து விற்கும் வியாபாரி. நோன்பு தொடங்குவதற்கு முன் கேகாலைப் பக்கம் போனவன், நோன்பு இருபதுக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தான். இன்று நோன்பு இருபத்தாறு. அந்தப் பக்கம் மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராகச் சனங்களை வாரிக்கொண்டு போகிறது என்று பஸ்ஸில் வருகிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். பிலிமத்தலாவைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தைக் காய்ச்சல் ஆசுபத்திரியாக மாற்றியிருக்கிறார்களாம். உறை அங்கிருந்துதான் வந்தது. உள்ளே இங்கிலீஷில் நாலே வரி.

வீட்டில் இங்கிலீஷ் படித்தவர் யாருமில்லை. ஹபீலின் மூத்த சகோதரர் லாபிர் கடிதத்தை எடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்கு ஓடினார். ஓடிய வேகத்தில் திரும்பியும் வந்தார். ஆறடி உயரத்து மனிதர், முற்றத்திலேயே தலையில் கைவைத்துக் குந்திவிட்டார்.

“என்ன மகன்? என்னத்த எழுதியிரிக்கி?” என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார் தாயார் ஹவ்வா உம்மா.

“ஹபீல்ட எஃபெக்ட்ஸ் இரிக்கி, அஞ்சாந் தேதிக்கு முந்தி வந்து எடுக்கட்டாம். இல்லாட்டி எரிச்சிடுவாங்களாம்.”

“அப்பிடின்னா?”

“இரும்புக்கட முதலாளிதான் வாசிச்சார். அவர்ட வாப்பா மவுத்தான நேரம் வழக்குக் கோட்டில இருந்தும் இதே சொல்லுதான் வந்ததாம் உம்மா. மவுத்தான ஆள்ட சாமானுக்குத்தான் அப்பிடி எழுதுற ஆம்.”

 ரபீகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழ வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அழுகை வரவில்லை.

ஹவ்வா உம்மா அழவில்லை. உள்ளே போய்த் தன் தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு வெள்ளைச் சீலையை எடுத்துவந்தார்.

“மகள், வளையலக் கழட்டு. குளிச்சிட்டு இதை உடு. இன்டெக்கே இத்தா இரிக்கணும்.”

புருஷன் மவுத்தானால், அதாவது இறந்துபோனால், மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். நகையில்லை, பூவில்லை, வண்ணத் துணியில்லை. வாசலைத் தாண்டக் கூடாது. மடவளையில் எந்தப் பெண்ணும் இதில் ஒரு நாளைக்கூடத் தவறவிட்டதில்லை.

“மாமி, மையித்தப் பார்த்து அடக்கின ஆள் யாரும் வந்து செல்லலியே. ஒரு கடதாசிதானே வந்திரிக்கி?”

“கடதாசி போதும் மகள்.”

“போதாது மாமி. இத்தா இருந்தா நான் வாசலத் தாண்ட ஏலாது. வாசலத் தாண்டாம அவர் இரிக்கிறாரா இல்லையான்னு நான் எப்பிடி அறியுற? வெள்ளயை உடுத்தா அவர் மவுத்துன்னு ஊருக்கு நானே சாட்சி செல்ற மாதிரி. நான் செல்ல மாட்டன்.”

அவள் குரல் உயர்ந்துவிட்டது. கலியாணமாகி இரண்டு வருடத்தில் மாமியாரிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. லாபிர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

ஹவ்வா உம்மா கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்துகொண்டார். “அந்தப் பெரிய சளிக் காய்ச்சல் வந்த வருஷம், லாபிர்ட வாப்பா தெல்தெனியாவுல மவுத்தானார். சேதி வர பதினொரு நாளாச்சு. அந்தப் பதினொரு நாளும் நான் செவப்புச் சீலை உடுத்து, கை நிறைய வளையல் போட்டு, பக்கத்து ஊட்டுப் பொம்புளைகளோட சிரிச்சுக் கதைச்சிட்டிருந்தன். அவர் கபுரு மண்ணுக்குள்ள, நான் சிரிப்புல. இன்டெக்கும் நெனச்சா எனக்கு ஒடம்பு நடுங்குது. ஒனக்கு அந்தப் பாவம் வேணாம் மகள்.”

 ரபீகா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

“நோன்பு துறக்கிற நேரம் வரைக்கும் தாங்க மாமி. மச்சானோட போய்ப் பார்த்திட்டு வாறன். அதுக்குள்ள வராட்டியும், வந்து அவர் மவுத்துன்னு சென்னாலும், ஒங்கட கையால இந்தச் சீலைய உடுத்துங்க. நான் ஒரு வார்த்த கதைக்க மாட்டன்.”

ஹவ்வா உம்மா கையிலிருந்த சீலையைப் படியில் வைத்தார். “இன்டெக்கி மஃரிபோட இருபத்தேழாம் ராவு தொடங்குது. பள்ளியில ஊரே கூடும். மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு காயிப் ஜனாஸா தொழச் சொல்லிப் பள்ளி லெப்பைக்கு ஆளனுப்புறன். அதுக்கு முந்தி வந்திடு” என்றார். உடல் இல்லாமலே தொழுகிற ஜனாஸாத் தொழுகை அது. தொழுதுவிட்டால் ஊரைப் பொறுத்தவரை ஹபீலின் கணக்கு முடிந்தது.

வெள்ளைச் சீலை படியிலேயே கிடந்தது. ரபீகா அதைத் தாண்டி இறங்கினாள்.

*

கண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க லாபிர் அவசரப்பட்டார். ரபீகாதான் கேட்கவில்லை. இரும்புக்கடை முதலாளி ஆணி விற்பதில் கெட்டிக்காரராக இருக்கலாம். அவருடைய இங்கிலீஷை நம்பி விதவையாக அவள் தயாரில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புறக்டர் வக்கீலிடம் கிளாக்கராக இருக்கும் சண்முகநாதனிடம் போனார்கள். ஹபீலின் வியாபார விண்ணப்பங்களை எழுதிக்கொடுக்கிறவர் அவர்தான்.

சண்முகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். சொற்களில் பைத்தியம். ஒரு சொல்லைப் பிழையாகப் போட்டவனோடு அரை நாள் வாதாடுவார் என்று கண்டியில் பெயர். ஆனால் அன்றைக்கு அவரும் பயந்துதான் இருந்தார். காய்ச்சல் ஆசுபத்திரிக் கடிதம் என்று கேட்டதும், கற்பூரம் முடிந்துவைத்த கைலேஞ்சித் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, கடிதத்தை இரண்டு விரலால் மூலையில் பிடித்தே வாசித்தார்.

“ஓம், எஃபெக்ட்ஸ் எண்டுதான் போட்டிருக்கினம். இருங்கோ தங்கச்சி, இதை வடிவாச் சொல்ல வேணும். இந்தச் சொல்லைக் கன பேர் பிழையாத்தான் விளங்குறவை.”

“ஐயா, கொஞ்சம் சுருக்கா…” என்றார் லாபிர்.

“ஒருமையில எழுதினால் அது விளைவு. மருந்து குடிச்சால் வாற பலன் மாதிரி. பன்மையில எழுதினால் ஒரு மனிசன்ர உடமை. அதுவும் எல்லா உடமையும் இல்லை. வீடு வளவு அதுக்குள்ள வராது. உடுப்பு, குடை, பெட்டி, கையோட கொண்டு திரியிற சாமான். அவ்வளவுதான்.”

“மவுத்தான ஆள்டயா, ஐயா?” ரபீகா முகத்தை மறைத்துப் பிடித்திருந்த குடைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டாள்.

சண்முகநாதன் கைலேஞ்சியை மூக்கிலிருந்து எடுத்தார். “கோட்டில நாங்கள் செத்த ஆக்களின்ர சாமானுக்கு அடிக்கடி இந்தச் சொல்லை எழுதுறம். அதாலதான் சனம் இது செத்தவைக்கு மட்டும் எண்டு நினைக்குது. அப்பிடி இல்லை. கப்பலால வந்து இறங்கிற துரையின்ர பெட்டி படுக்கையும் எஃபெக்ட்ஸ்தான். அவர் சுருட்டுப் பத்திக்கொண்டு பக்கத்திலதான் நிப்பார்.”

“அப்ப அவர் இரிக்கிறாரா?”

“தங்கச்சி, நான் பொய் சொல்ல ஏலாது. ஆள் இருந்தாலும் அந்தச் சொல்தான், இல்லாட்டிலும் அந்தச் சொல்தான். அது அந்த விசயத்தைச் சொல்லாது. செத்திருந்தால் பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ எண்டு போட வேணும். போடேல்லை. ஆனால் அங்க இப்ப இருக்கிற நெருக்கடியில மறந்தும் விட்டிருப்பினம்.”

கடிதத்தை மடித்து நீட்டியவர், என்ன நினைத்தாரோ, கற்பூரக் கைலேஞ்சியையும் சேர்த்து லாபிரிடம் கொடுத்தார். “அங்க போறீங்கள். உங்களுக்குத்தான் இது வேணும்” என்றார்.

பயப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருப்பது, பயப்படுவதைவிடக் கொடுமை. பிலிமத்தலாவை பஸ்ஸில் ரபீகா அதைத்தான் அனுபவித்தாள். பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது, உயிரோடிருக்கிறார் என்று ஒரு மனம் சொன்னது. அடுத்த வளைவில் இன்னொரு மனம் இல்லை என்றது. பேராதனைப் பாலத்தைக் கடந்தது அவளுக்குத் தெரியவேயில்லை. நோன்பு வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

*

பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகையை இன்னும் கழற்றவில்லை. அதன் கீழே பாயிலும் சாக்கிலும் சனங்கள் சுருண்டு கிடந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள். சிலர் பல் கிட்டிக்க நடுங்கினார்கள்; சிலர் அசையவேயில்லை. ஒரு மாட்டு வண்டி வெளியே போனது. அதில் பாய் போட்டு மூடியிருந்தது என்னவென்று யாரும் கேட்கவில்லை.

லாபிர் வாசல் படலையில் நின்றுவிட்டார்.

“வாங்க மச்சான்.”

“ஏலாது புள்ள.” அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது. “என்னால உள்ள வர ஏலாது. எனக்குப் பயமா இரிக்கி. வாப்பாட கபுரப் பாக்கத் தெல்தெனியாவுக்குப் போன நேரம் நான் பாத்ததுகள… நீ என்ன நெனச்சாலும் சரி.”

ஊரில் சண்டை வந்தால் முன்னால் நிற்கிற மனிதர். ரபீகாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தன் பயத்தை வெளியே சொல்லக்கூடியவர் ஒருவராவது இருக்கிறாரே என்று ஆறுதலாகக்கூட இருந்தது. அவர் நீட்டிய கைலேஞ்சியை வாங்கி முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு தனியே உள்ளே போனாள்.

சாமான் அறை பின்பக்கம் இருந்தது. முன்பு பிள்ளைகளின் வகுப்பறை. கரும்பலகையில் பாதி அழிந்த சிங்கள எழுத்து. சுவரின் இருபக்கமும் பலகைத் தட்டுகள். தட்டு நிறையத் துணி மூட்டைகள். பொறுப்பாக இருந்தவர் வீரய்யா என்ற தேயிலைத் தோட்டத்து ஆள். ஐம்பது வயதிருக்கும். ரபீகா கடிதத்தை நீட்டினாள்.

“எழுத்து வாசிக்கத் தெரியாதும்மா. மேல நம்பர் மட்டும் பாப்பேன். நூத்தி எழுவத்தி ரெண்டா? சரி, இருங்க” என்றார்.

அவர் இடது பக்கத் தட்டுக்குப் போனார். மூட்டைகளில் கட்டியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதல் தட்டு. இரண்டாம் தட்டு. ஒரு மூட்டையை இழுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார்.

ரபீகா கண்ணை மூடிக்கொண்டாள். தெரிந்த துஆவெல்லாம் ஓதப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ‘யா அல்லாஹ், யா அல்லாஹ்’ என்று மட்டும் உதடு அசைந்தது.

“இங்கன இல்ல” என்றபடி வீரய்யா வலது பக்கம் போனார். அங்கே மூட்டைகள் குறைவு. உடனே ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். “இதாம்மா ஒங்களது.”

பழைய துப்பட்டி ஒன்றில் கட்டிய சின்ன மூட்டை. அட்டையில் நம்பரும் இங்கிலீஷில் பெயரும். ரபீகா அதைத் தொடவில்லை.

“அண்ணே, அந்தப் பக்கம் ஏன் தேடினீங்க?”

“அங்கனதான் நெறைய இருக்கும்மா. அதான் மொத அங்க பாக்கறது.”

“அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் என்ன?”

வீரய்யா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் எதைக் கேட்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

“ஐயோ, தெரியாமதான் வந்தீங்களா தாயி? உள்ள வர்ற ஆளுங்க உடுப்பக் கழட்டி வாங்கிக்கிட்டு ஆசுபத்திரித் துணியக் குடுப்போம். சொந்த உடுப்ப இங்க கட்டி வைப்பேன். எனக்கு எழுத்துத் தெரியாதில்ல, அதுனால முடிச்சுதான் எனக்குக் கணக்கு. எறந்து போனவங்களுதுன்னா இன்னொரு முடிச்சு மேல போட்டு அந்தப் பக்கம் வச்சிருவேன். இத பாருங்க, ஒத்த முடிச்சு.”

ரபீகா பார்த்தாள். ஒற்றை முடிச்சுத்தான். இடது பக்கத் தட்டைப் பார்த்தாள். வரிசை வரிசையாக இரட்டை முடிச்சுகள். அத்தனை வீடுகளுக்கும் இதே கடிதம்தானே போயிருக்கும்.

“அப்ப அவர் எங்க? எந்தக் கட்டில்ல?”

“இங்க இல்லீங்களே. ஓடிப் போயிட்டாரு. ஒம்பது நாளாச்சு. பக்கத்துக் கட்டில்ல ஒரே ராத்திரியில நாலு பேரு போயிட்டாங்க. அதப் பாத்துப் பயந்து மூணு பேரு விடியக்காலம் பொறத்தால ரப்பர் மலப் பக்கமா எறங்கி ஓடிட்டாங்க, ஆசுபத்திரித் துணியோட. மத்த ரெண்டு பேரும் கொஞ்சம் தேறி, போன வாரம் வந்து அவுங்க சாமான வாங்கிட்டுப் போயிட்டாங்க. இது மட்டும் கெடந்துச்சு. அதான் கடுதாசி போட்டிருக்காங்க.”

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. ஓடியிருக்கிறார். ஓடுவதற்குக் காலில் பலம் இருந்திருக்கிறது!

“அவுத்துப் பாக்கறீங்களா?”

“வேணாம் அண்ணே.”

“ஆமா, அதுதான் சரி. ஒத்த முடிச்ச நாங்களும் அவுக்கறதில்ல. ஆளே வந்து அவுத்துக்கணும். அதான் இங்க வழக்கம்.” கையொப்பத்துக்குப் பதில் அவளுடைய பெருவிரலை மையில் தோய்த்து வாங்கிக்கொண்டார்.

படலையில் நின்ற லாபிர் மூட்டையைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். ரபீகா விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்பவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு பஸ்ஸில் ஏறியதும், கேட்காமலே அவள் கையிலிருந்து மூட்டையை வாங்கித் தன் மடியில் வைத்து இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரும்வரை அந்தப் பெரிய மனிதர் வெளியே பார்த்தபடி விசும்பிக்கொண்டே வந்தார்.

*

மடவளையில் அவர்கள் இறங்கும்போது மஃரிபுக்குக் கொஞ்சநேரம்தான் இருந்தது. வீட்டு முற்றம் முழுக்கச் செருப்புகள். உள்ளே பெண்கள் இறந்தவருக்காக யாஸீன் ஓதும் சத்தம் கேட்டது. வெள்ளைச் சீலை மடித்துப் பாயில் தயாராக இருந்தது.

ரபீகா நேரே போய் மாமியாரின் மடியில் மூட்டையை வைத்தாள்.

“ஒத்த முடிச்சு மாமி. இரிக்கிற ஆள்ட முடிச்சு. அவிழ்க்க வேணாம். அவர் வந்து அவிழ்க்கட்டும்.”

ஓதல் நின்றது. நடந்ததையெல்லாம் லாபிர் சொன்னார். சொல்லி முடித்த கையோடு, காயிப் ஜனாஸா வேண்டாமென்று லெப்பையிடம் சொல்லப் பள்ளிக்கு ஓடினார். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டே எழுந்துபோனார்கள். ஹவ்வா உம்மா அந்த முடிச்சைத் தடவித் தடவிப் பார்த்தார். முத்தமிட்டார். வாய்விட்டு அழுதார்.

பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது. மாமியும் மருமகளும் பேரீத்தம்பழத்தில் நோன்பு துறந்து, கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்தார்கள். ஒரு நாளும் இந்த வீட்டில் இப்படிக் கஞ்சி ருசித்ததில்லை என்று ரபீகா நினைத்தாள்.

“எத்தின நாளைக்கு முந்தி ஓடினானாம்?” என்று கேட்டார் ஹவ்வா உம்மா.

“ஒம்பது நாளாம் மாமி. இவரோட ஓடின மத்த ரெண்டு பேரும் சொகமாயிட்டாங்களாம். போன கெழமையே வந்து அவங்கட சாமான எடுத்திட்டாங்களாம்.” சந்தோஷச் செய்தியாகத்தான் அவள் அதைச் சொன்னாள்.

ஹவ்வா உம்மாவின் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

“இங்கரிந்து அங்க எத்தின மைல் மகள்?”

“பதினஞ்சு, பதினாறு இரிக்கும்.”

“மத்த ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போய், சொகமாகி, திரும்ப அங்க வந்து சாமானும் எடுத்திட்டாங்க.” கிழவி குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, மருமகளிடம் ஒரு பதில் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார். “ஏண்ட புள்ளைக்குப் பதினாறு மைல் வர ஒம்பது நாளா?”

ரபீகா தன் கோப்பையைக் கீழே வைத்தாள். காலையில் வந்த பயம் திரும்பவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. காலையிலாவது ஒரு கடிதம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஓட ஓர் இடம் இருந்தது. இப்போது எங்கே போய் யாரைக் கேட்பாள்?

அவள் எழுந்தாள். மூட்டையைக் கொண்டுபோய் அலுமாரியில் ஹபீலின் சட்டைகளுக்கு நடுவே, முடிச்சு அவிழாமல் வைத்தாள். பிறகு பாயில் கிடந்த வெள்ளைச் சீலையை எடுத்துவந்து, மாமியாரின் தகரப் பெட்டியைத் திறந்தாள்.

காலையில் அந்தச் சீலை பெட்டியின் அடியிலிருந்துதான் வந்தது. ரபீகா அதை எல்லாத் துணிக்கும் மேலே வைத்தாள். பெட்டியை மூடினாள். பூட்டவில்லை.